222-க்கு முட்டை

ஒருத்தர் வாங்கிய கடனை நீங்கள் கட்டியதுண்டா?

நான் கட்டியிருக்கிறேன். நண்பன் ஸ்கூட்டர் வாங்கினான். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிடா" என்று பேப்பரை நீட்டினான். பி.காம். படித்தவன், மெர்க்கன்டைல் லாவில் ஐம்பத்தெட்டு மார்க் வாங்கியவன், காபியை உறிஞ்சிக்கொண்டே ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பதினொரு மாதம் அவன் ஸ்கூட்டரில் போனான். நான் பஸ்ஸில் போய் அவனுக்குத் தவணை கட்டினேன்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் எனக்கு கம்பர்லண்ட் கல்லூரிப் பையன்கள் மேல் தனிப் பாசம்.

யார் அந்தப் பையன்கள்? அமெரிக்காவில் டென்னஸி மாநிலம். அதில் லெபனான் என்று ஒரு சின்ன ஊர். (குண்டு வெடிக்கிற லெபனான் வேறு. இது சாது.) அங்கே 1842-ல் ஆரம்பித்த கல்லூரி கம்பர்லண்ட். ஒரு காலத்தில் சட்டப் படிப்புக்குப் பேர் போனதாக இருந்தது. பின்னால் அமெரிக்க வெளியுறவு மந்திரியாகி 1945-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய கார்டெல் ஹல் இங்கே சட்டம் படித்தவர்தான். ஆனால் உலகம் இந்தக் கல்லூரியை ஞாபகம் வைத்திருப்பது நோபலுக்காக அல்ல. கால்பந்தில் வாங்கிய முட்டைக்காக.

கால்பந்து என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை கம்மி. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிர் டீம் மொத்தமும் மேலே வந்து விழும். சடுகுடுவில் பாட்டை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஐந்து கிலோ கோபத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். இதற்கு 'ஃபர்ஸ்ட் டவுன்' என்று பெயர். எல்லைக் கோட்டைத் தாண்டினால் 'டச் டவுன்', ஆறு பாயின்ட். அதன் பிறகு பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக ஒன்று. இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

கம்பர்லண்ட் 1894-ல் டீம் ஆரம்பித்தது. நோஞ்சான் டீம் என்று நினைத்துவிடாதீர்கள். 1903-ல் வாண்டர்பில்ட்டை 6-0 என்று ஜெயித்தார்கள். அதே வருஷம் நவம்பரில் ரயிலேறிப் போய், ஐந்தே நாளில் அலபாமாவை 44-0, எல்.எஸ்.யு.வை 41-0, டுலேனை 28-0 என்று வரிசையாகச் சாத்தினார்கள். மூன்று பெரிய பல்கலைக்கழகங்கள், மொத்தம் 113 பாயின்ட், எதிராளிக்கு ஒன்றுகூடக் கிடையாது.

சீசன் கடைசியில் மான்ட்கொமரி நகரில் கிளெம்சன் கல்லூரியோடு மோதல். 11-11, டிரா. கிளெம்சனின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இந்தப் பெயரைக் கொஞ்சம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசாமி மறுபடி வருவார்.

1904-ல் ஹைஸ்மன் அட்லாண்டாவில் இருந்த ஜார்ஜியா டெக் கல்லூரிக்குப் போனார். அங்கே கால்பந்து மட்டுமல்ல, பேஸ்பால் பொறுப்பும் அவருக்கு. 1916-ல் கம்பர்லண்டோடு ஒரு பேஸ்பால் ஆட்டம். ஜார்ஜியா டெக் 22-0 என்று தோற்றது. கம்பர்லண்ட் பையன்கள் திடீரென்று எப்படி இப்படி அடிக்கிறார்கள்? விசாரித்தால், பக்கத்து நாஷ்வில் நகரத்திலிருந்து சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்களைப் பிடித்து வந்து, மாணவர்கள் என்று இறக்கிவிட்டதாகப் பேச்சு. ஹைஸ்மன் வெளியே ஒன்றும் சொல்லவில்லை. மனசுக்குள் லெட்ஜரில் எழுதிக்கொண்டார்.

அதே வருஷம் கம்பர்லண்ட் நிர்வாகம் கால்பந்து டீமையே கலைத்துவிட்டது. இதில் ஒரு சிக்கல். ஜார்ஜியா டெக்கோடு ஆடுவதாகப் போட்ட ஒப்பந்தம் மட்டும் ரத்தாகவில்லை. மாணவர் மேனேஜர் ஜார்ஜ் ஆலன் சொல்ல மறந்துவிட்டார் என்று ஒரு கட்சி. ஹைஸ்மன்தான் விடவில்லை என்று இன்னொரு கட்சி. எப்படியோ, அட்லாண்டாவிலிருந்து வந்த சேதி தெளிவாக இருந்தது. வந்து ஆடினால் போக்குவரத்துச் செலவோடு 500 டாலர். வராவிட்டால் ஒப்பந்தப்படி அபராதம் 3,000 டாலர்.

1916-ல் 3,000 டாலர் என்பது சின்னக் கல்லூரியைச் சாய்த்துவிடக்கூடிய தொகை.

இங்கேதான் ஜார்ஜ் ஆலனைப் பாராட்ட வேண்டும். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடவில்லை. விடுதிச் சிநேகிதர்கள், சட்ட மாணவர்கள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து ஒரு டீம் சேர்த்தார். ஒரு டஜனுக்கு மேல் தேறினால் பெரிசு. பலர் அந்த ஆட்டத்தை ஒழுங்காக ஆடியதே இல்லை. வழியில் நாஷ்வில் ஸ்டேஷனில் மூன்று பேர் ரயிலைத் தவறவிட்டதாக ஒரு தகவல் உண்டு. தவறவிட்டார்களா, புத்திசாலித்தனமாக நழுவினார்களா என்பது அந்த மூன்று பேருக்கே வெளிச்சம்.

1916 அக்டோபர் 7, அட்லாண்டா, கிரான்ட் ஃபீல்ட் மைதானம்.

முதலில் பந்து கம்பர்லண்டுக்கு. முன்னேற முடியவில்லை. உதைத்துக் கொடுத்தார்கள். டெக் முதல் ஓட்டத்திலேயே டச் டவுன். மறுபடி கம்பர்லண்ட் கையில் பந்து. நழுவ விட்டார்கள். டெக் எடுத்துக்கொண்டு ஓடி இன்னொரு டச் டவுன். மூன்றாம் தடவையும் பந்து நழுவியது. அதுவும் டச் டவுன். கால் பகுதி ஆட்டம் முடிந்தபோது 63-0. பாதி ஆட்டத்தில் 126-0.

அந்த மத்தியானத்தைப் பற்றிக் கதைகள் ஏராளம். நழுவிய பந்து ஒரு கம்பர்லண்ட் பையன் பக்கமாக உருண்டதாம். விட்டவன், "எடுடா!" என்று கத்தினானாம். "நீதானே போட்டே, நீயே எடு!" என்று பதில் வந்ததாம். இன்னொரு பையன் டெக் டீமின் பெஞ்சில் போர்வைக்குள் ஒளிந்திருந்தானாம். "தம்பி, உங்க இடம் அந்தப் பக்கம்" என்றதற்கு, "அங்கே போனா மறுபடி உள்ளே அனுப்பிடுவாங்க ஸார்" என்றானாம். ஆடியவர்கள் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகள். நானாக இருந்தாலும் அந்தப் போர்வைக்குள்தான் இருந்திருப்பேன்.

இடைவேளையில் ஹைஸ்மன் தன் பையன்களிடம், எதிராளி ஏதாவது வித்தை வைத்திருக்கலாம், அசந்துவிடாதீர்கள் என்று எச்சரித்ததாகச் சொல்வார்கள். 126 பாயின்ட் முன்னிலையில் இருக்கும்போது! சில பேர் செத்த பாம்பை அடிப்பதில்லை, போஸ்ட்மார்ட்டமே பண்ணிவிடுகிறார்கள்.

ஹைஸ்மன் பக்கமும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள், யாரோடு ஆடினாய் என்று பார்க்காமல், மொத்தம் எத்தனை பாயின்ட் எடுத்தாய் என்று கூட்டிப் பார்த்தே பெரிய டீம், சின்ன டீம் என்று தரம் பிரித்தார்களாம். அது எவ்வளவு அபத்தம் என்று காட்டவே இந்த ஆட்டமாம். ஆபீஸிலும் இப்படி உண்டு. மேனேஜர் ஒரு பாயின்ட் ப்ரூவ் பண்ணுவார். முதுகு நம்முடையது.

பின்பாதி ஆட்ட நேரத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். அப்படியும் முடிவு 222-0.

டேலி ஆகிறதா பார்ப்போம். 32 டச் டவுன், ஆறால் பெருக்கினால் 192. கூடுதல் உதையில் 30. ஆக மொத்தம் 222. சரியாக இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இவ்வளவு பெரிய தோல்வி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. நான் மேலே சொன்ன 'ஃபர்ஸ்ட் டவுன்' அன்றைக்கு இரண்டு டீமுக்குமே ஒன்றுகூடக் கிடையாது. கம்பர்லண்டுக்குப் பத்து கஜம் போகத் தெம்பில்லை. டெக்குக்குத் தேவையே வரவில்லை. நாலு முயற்சி முடிவதற்குள் எல்லைக் கோட்டையே தாண்டிவிட்டார்கள்.

பிற்பாடு என்ன ஆயிற்று? ஹைஸ்மன் 1936-ல் காலமானார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் கோப்பை இன்றும் அவர் பெயரில்தான். ஜார்ஜ் ஆலன் வாஷிங்டனுக்குப் போனார். ஜனாதிபதி ட்ரூமனின் நெருங்கிய சிநேகிதரானார். தன்னைத் தெரிந்த ஜனாதிபதிகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 222 வாங்கிய மேனேஜர் என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை. அன்று ஆடிய பந்து 2014-ல் ஏலத்துக்கு வந்தது. 40,000 டாலருக்கு மேல் போயிற்று. கம்பர்லண்ட் கல்லூரி இன்றும் அதே லெபனானில் இருக்கிறது. கால்பந்தும் ஆடுகிறார்கள்.

எல்லோரும் அந்தப் பையன்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் என் படிப்புப் புத்தியோடு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். போகாமல் இருந்திருந்தால் 3,000 நஷ்டம். போனதால் 500 வரவு. வித்தியாசம் 3,500 டாலர். பேஸ்பாலில் தில்லுமுல்லு பண்ணியது யாரோ. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யாரோ. அடி வாங்கிக் கல்லூரியைக் காப்பாற்றியது இந்தப் பையன்கள். ஸ்கோர் போர்டில் முட்டை. பாலன்ஸ் ஷீட்டில் லாபம். அந்த லாபத்தை எந்தப் பலகையிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

நண்பனின் கடைசித் தவணை கட்டிய அன்று ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்தேன். "எல்லாம் தோத்துட்டு வந்தாச்சா?" என்றாள் மனைவி.

"இல்லே, ஆடிட்டு வந்தேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.