கேபிள் போன வீடு
சிங்கப்பூரில் வீடுகளில் செயற்கைக்கோள் அலைவாங்கித் தட்டு பொருத்த அனுமதி இல்லாததால், தமிழ்நாட்டு அலைவரிசைகளைக் காண விரும்பிய குடும்பங்கள் கட்டணத் தொலைக்காட்சியையே நெடுங்காலம் நம்பியிருந்தன. 2019 செப்டம்பர் இறுதியில் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான ஸ்டார்ஹப் தன் கேபிள் சேவையை, அதாவது உலோகக் கம்பிவழி ஒளிபரப்பை, நிறுத்திக் கண்ணாடியிழைக்கு மாறியபோது, சந்தாவைத் தொடர வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. சந்தாவைக் கைவிட்ட வீடுகளில் மிச்சமாகும் பணத்தைவிடப் பெரிய மாற்றம் நேர ஒழுங்கில்தான் நிகழ்கிறது: சீரியல் தொடங்குமுன் சமையலை முடிக்கும் அவசரம் தளர்கிறது, விடுபட்ட நாடகத்தை மீவாட்ச் போன்ற, கேட்டபோது இணையம்வழி வந்துசேரும் சேவைகளில், லிட்டில் இந்தியாவில் ஏறிய ரயிலில் நின்றபடியே, அழுகைக் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் பார்க்க முடிகிறது. இதை விடுதலை என்பது பாதி உண்மையே. ஏனெனில், உள்ளூர்த் தமிழ் அலைவரிசையான வசந்தம் இன்றும் கட்டணமின்றிக் கிடைத்தாலும், பாட்டிக்கும் பேரனுக்கும் பொதுவாயிருந்த ஒரே திரை தனித்தனிக் கைப்பேசிகளாகப் பிரிந்தபின், பேரன் காதில் தானாக விழுந்துவந்த தமிழ் அவனே தேடினால்தான் கிடைக்கும் என்றாகிவிட்டது.