உங்கள் கம்ப்யூட்டரை உளவு பார்ப்பது யார்?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா வீட்டில் ஒரு வேடிக்கை பார்த்தேன். மாமாவுக்கு கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வியாபாரம். ஜிஎஸ்டி பில் போடுவதற்காக ஆறு மாதத்திற்கு முன்புதான் முதன்முதலாக கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். மானிட்டர் மேல் இருந்த வெப்கேமை, மிட்டாய் பாக்கெட்டில் ஒட்டும் லேபிளைக் கத்தரித்து மூடியிருந்தார். பில் போட்டு முடித்ததும் மோடத்தின் பிளக்கையே பிடுங்கிவிடுகிறார்.

"என்ன மாமா இது?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா மாப்ளே? கவர்மென்ட்டு எல்லா வீட்டுக் கம்ப்யூட்டரையும் பாக்குதாம்லா. வாட்ஸ்அப்ல மூணு டிக்கு விழுந்தா நம்ம மெசேஜை அவங்க படிச்சுட்டாங்கன்னு அர்த்தமாம். மூணும் செவப்பா மாறிச்சுன்னா கோர்ட்டு சம்மன் வந்துருமாம். நீ கம்ப்யூட்டர் படிச்சவன், நீதான் சொல்லணும்."

இந்த மூன்று டிக் கதை பல வருடங்களாக நாடு முழுவதும் சுற்றுகிறது. மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமே 2020ல் இது பொய் என்று அறிவித்தது. வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் மெசேஜ் போய்விட்டது, இரண்டு டிக் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது, நீல நிறம் என்றால் பெற்றவர் படித்துவிட்டார். அவ்வளவுதான்! யாராவது உண்மையிலேயே இரகசியமாக உளவு பார்த்தால், "பார்த்துவிட்டேன்" என்று நமக்கே டிக் போட்டுக் காட்டுவார்களா?

ஆனால் மாமாவின் பயம் வெறும் கற்பனையில் முளைத்ததல்ல. 2018 டிசம்பர் 20ந் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை வெளியிட்டது. உளவுத்துறை, சிபிஐ, அமலாக்கத்துறை, தேசிய புலனாய்வு முகமை, டில்லி போலீஸ் கமிஷனர் என 10 அமைப்புகள், எந்தக் கம்ப்யூட்டரில் உள்ள தகவலையும் இடைமறிக்கலாம், கண்காணிக்கலாம் என்றது அந்த ஆணை. எல்லோருடைய கம்ப்யூட்டரையும் பார்க்கப் போகிறார்கள் என்று நாடே அலறியது. இது புதிய அதிகாரம் இல்லை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவிலும் 2009ஆம் ஆண்டின் விதிகளிலும் ஏற்கனவே உள்ளதுதான் என்றது அரசு. அது உண்மைதான். எனக்குக் கவலை வேறு இடத்தில்.

அந்த விதிகளின்படி ஒருவரைக் கண்காணிக்க மத்திய உள்துறைச் செயலாளரோ மாநில உள்துறைச் செயலாளரோ அனுமதி தர வேண்டும். அவசரம் என்றால் வேறு அதிகாரிகளின் ஒப்புதலுடன் தொடங்கிவிட்டு, பிறகு அனுமதி பெறலாம். ஓர் உத்தரவு 60 நாட்கள் செல்லும், நீட்டித்தால் 180 நாட்கள் வரை. இது சரியா என்று பார்ப்பதற்கு ஒரு குழு உண்டு. மத்தியில் அதில் இருப்பவர்கள் மூன்று செயலாளர்கள். நீதிபதி யாரும் கிடையாது. குழு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கூடினால் போதும். 2013ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகம் தந்த பதிலில், தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 உத்தரவுகள் வரை பிறப்பிக்கப்படுவதாக இருந்தது. இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் குறைந்தது 15,000. மூன்று பேர் ஒரு கூட்டத்தில் ஒரு பைலுக்கு எத்தனை விநாடி ஒதுக்க முடியும்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. டிக்கை எண்ணிக்கொண்டிருந்தால் இதை யார் கேட்பது?

"எல்லா வீட்டுக் கம்ப்யூட்டரும்" என்ற விஷயத்துக்கு வருவோம். இந்தச் சந்தேகம் பழசு. 1999ல் விண்டோசுக்குள் அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவின் பெயரில் ஒரு சாவி இருப்பதாக உலகமே பரபரப்பானது. அது ஏற்றுமதி விதிகளுக்காக வைத்த பெயர் என்று மைக்ரோசாப்ட் விளக்கியது. உளவுக்குப் பயன்பட்டதாக யாரும் நிரூபிக்கவில்லை. 2013ல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டியது இதைவிடப் பெரியது. ஆனால் அந்த மொத்தக் கண்காணிப்பு வீடு வீடாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து நடக்கவில்லை. கடலடிக் கேபிள்களிலும் பெரிய கம்பெனிகளின் சர்வர்களிலும்தான் தகவலை அள்ளினார்கள். ஊருக்கே தண்ணீர் போகும் குழாய் கையில் இருக்கும்போது ஒவ்வொரு வீட்டுக் குடத்தையும் எதற்குத் திறந்து பார்க்க வேண்டும்? வேலை நேரத்தில் இணைப்பு இருக்கிறது என்றால், ராத்திரியில் மோடம் பிளக்கைப் பிடுங்குவதால் மிச்சமாவது கொஞ்சம் கரண்ட்தான்.

கம்ப்யூட்டருக்குள்ளேயே நுழையும் உளவு, பெரும்பாலும் குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்து வருகிறது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி நினைவிருக்கிறதா? பீமா கோரேகான் வழக்கில் 2020ல் கைதாகி, 2021 ஜூலையில் காவலில் இருக்கும்போதே 84 வயதில் இறந்தவர். பிரதிவாதிகள் தரப்பில் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் அவருடைய கம்ப்யூட்டரின் நகலை ஆராய்ந்தது. யாரோ வெளியிலிருந்து நுழைந்து, அவருக்கே தெரியாமல் 40க்கும் மேற்பட்ட பைல்களை வைத்ததாக 2022 டிசம்பரில் வெளியான அதன் அறிக்கை கூறியது. நுழைந்தவர் யார் என்று அது சொல்லவில்லை. அதே வழக்கில் ரோனா வில்சனின் லேப்டாப்புக்குள் நுழைந்தது எப்படித் தெரியுமா? தெரிந்தவர் பெயரில் வந்த ஓர் இ-மெயிலில் இருந்த பைலை 2016 ஜூனில் அவர் திறந்ததால். உள்ளே போனது நெட்வயர் என்ற புரோகிராம். எந்த அரசாங்க ஆய்வுக்கூடத்திலும் செய்ததல்ல. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எப்பிஐ முடக்கும் வரை வெப்சைட்டில் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த சரக்கு!

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. திருநெல்வேலி தாண்டி இருக்கும் கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 அக்டோபர் 29ந் தேதி, அங்கே வைரஸ் எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டில் இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் அது இருந்தது, உலையை இயக்கும் நெட்வொர்க் தனி என்றார்கள். அணுஉலையைக் காக்கும் இடத்திலேயே ஒரு சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் வாசலாக இருந்திருக்கிறது.

மாமா வீட்டு வாசல் எப்படி இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் செட்டிங்ஸில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலுக்குப் போனேன். இது, "இந்த இடங்களைச் சோதிக்க வேண்டாம்" என்று ஆண்டி வைரசுக்குச் சொல்லும் பட்டியல். புதுக் கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும். மாமாவின் கம்ப்யூட்டரில் சி டிரைவ் முழுவதுமே அதில் இருந்தது! அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் காசு குறைக்க கிராக் செய்த விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். கிராக் புரோகிராமை ஆண்டி வைரஸ் பிடித்துவிடும் என்பதால் அதன் கண்ணைக் கட்டிவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் மாமா பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிறார்.

கடலை மூட்டையில் அடிவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் வாங்காத மனிதர் இவர். கம்ப்யூட்டரை மட்டும் அப்படியே வாங்கி வந்துவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கே கையை விட்டுப் பார்ப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நம்மைப் போன்ற கம்ப்யூட்டர் படித்தவர்கள், "வதந்தியை நம்பாதீர்கள்" என்று பதில் மெசேஜ் போடுவதோடு வேலையை முடித்துக்கொள்கிறோம்.

நீங்களும் இன்றே அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு, அதே பகுதியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். கிராக் விண்டோஸ் என்றால் ஸ்கேனை மட்டும் நம்ப வேண்டாம். பில், போட்டோ போன்ற பைல்களை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்துகொண்டு, அசல் விண்டோசைப் புதிதாகப் போட்டு, பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிவிடுங்கள்.

மாமா வீட்டில் அதைத்தான் செய்தேன். அசல் விண்டோசின் விலையைக் கேட்டு அவர் முகம் சுருங்கியது. "இத்தனை மூட்டை மிட்டாய் விக்கணுமேடா" என்றார். அப்புறம் மனதில்லாமல் பணம் கட்டினார். பிளக்கைப் பிடுங்குவதை விட்டுவிட்டார்.

வெப்கேமில் ஒட்டிய லேபிளை எடுக்கச் சொல்லவில்லை. 2016ல் பேஸ்புக் முதலாளி மார்க் சக்கர்பெர்க் வெளியிட்ட போட்டோவிலேயே, அவருடைய லேப்டாப் கேமராவில் டேப் ஒட்டியிருந்தது.