எழுந்து நடந்தவர் ஏன் இறந்தார்?

1998-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி.

டாக்காவில் கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. இந்திய வீரர் ராமன் லம்பா, மட்டைக்காரருக்கு மிக அருகில் நின்றார். தலைக்கவசம் போடவில்லை. அடித்த பந்து அவர் தலையில் பட்டது. கீழே விழுந்தார்.

உடனே எழுந்தார்! தம் காலாலேயே நடந்து அறைக்குப் போனார்.

சற்று நேரத்தில் நினைவு தப்பியது. தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. 23-ந் தேதி இறந்து போனார். வயது 38.

பந்து செய்ததை மோட்டார் வண்டி செய்யாதா?

மரக்காணத்தில் இருந்து அனுமந்தை வழியாகப் புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. விடியும் முன்பே உப்பள வேலைக்குப் புறப்படுகிறவர்கள் அதில்தான் போக வேண்டும். கார்களும் பஸ்களும் பறக்கும் சாலை அது.

ஒருவர் அடிபட்டு விழுந்தால் நாலு பேர் கூடுகிறோம். "கை காலை ஆட்டு, பார்ப்போம்" என்கிறோம். ஆட்டுகிறார். "ஒன்றும் இல்லை, போ" என்று ஒரு சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி விடுகிறோம்.

ரத்தம் ஒழுகினால் ஓடுகிறோம், ஒழுகாவிட்டால் சோடா! இது என்ன கணக்கு?

மண்டை ஓடு தேங்காய் ஓடு மாதிரி. விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தம் கசிந்தால், அது மூளையைத்தான் நசுக்கும். கசிவு மெதுவாக இருந்தால் சில மணி நேரம் ஆள் நன்றாகவே பேசுவார். அந்தப் பேச்சை நம்பி ஏமாறக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போகிறதா? திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறாரா? கேட்டதையே கேட்கிறாரா? நாக்குக் குழறுகிறதா? ஒரு பக்கத்துக் கை கால் தளர்கிறதா? கண்ணின் கருமணி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரிகிறதா? காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ வடிகிறதா? வலிப்பு வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். விழுந்தபோது ஒரு நிமிஷம் நினைவு தப்பியிருந்தாலும் அப்படியே. கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. விடாமல் அழுதாலும், பால் குடிக்க மறுத்தாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இன்னொன்று. "குடித்திருக்கிறான், தூங்கட்டும்" என்று விட்டு விடுவது பெரிய தவறு. அது தூக்கமா, மயக்கமா? தட்டி எழுப்பிப் பாருங்கள். எழாவிட்டால் அது தூக்கம் அல்ல. வாயில் சோடாவோ காப்பியோ ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். கழுத்தைத் திருப்பாதீர்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், புதுச்சேரி ஜிப்மரும் இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்த இடங்களே. செலவுக்குப் பயந்து தயங்க வேண்டாம். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. எந்த ஊர்க்காரருக்கும் அது உண்டு.

டாக்டரிடம் விழுந்த நேரத்தைச் சொல்லுங்கள். பெரியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். வயதானவர்களுக்குக் கசிவு மிக மெதுவாகவும் வரும். பாட்டி திடீரென்று தடுமாறினால், போன மாதம் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டதை மறக்காமல் சொல்ல வேண்டும்.