கெட்டுப்போன தட்டும் நோபல் பரிசும்

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், பாக்டீரியா வளர்த்த தட்டொன்றில் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டார். அதைச் சுற்றி மட்டும் பாக்டீரியா கரைந்திருந்தது. அப்படித்தான் பெனிசிலின் கிடைத்தது. 1945-இல் நோபல் பரிசும் வந்தது. இந்தக் கதையைச் சொல்லியே ஆய்வக அசிரத்தைக்குச் சப்பைக்கட்டு கட்டுவோர் உண்டு. ஃபிளெமிங்கின் பெருமை தட்டு கெட்டதில் இல்லை. கெட்டதைக் கண்டுகொண்டதில் இருக்கிறது. மற்றபடி தட்டில் நுழையும் வேற்று நுண்ணுயிர் என்ற இந்த அழையா விருந்தாளி மாதக்கணக்கான உழைப்பைத் தின்றுவிட்டுத்தான் போகும். நிறமும் விளிம்பும் மாறுபட்ட திட்டுகள், கீறிய கோட்டுக்கு வெளியே முளைத்த ஒற்றைப் புள்ளி, தெளிவாக இருக்க வேண்டிய திரவத்தில் கலங்கல் ஆகியவை அது வந்ததற்கான அடையாளங்கள். அதைத் தடுக்க, கருவிகளையும் வளர்ப்பு ஊடகத்தையும் கிருமிநீக்கம் செய்ய வெறும் கொதிநீரை நம்பக் கூடாது. பாசில்லஸ் வகை பாக்டீரியாவின் வித்துகள் அதிலும் பிழைக்கும். அவற்றை ஆட்டோகிளேவ் எனும் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். பாக்டீரியாவை எடுத்துத் தட்டில் கீறும் கம்பி வளையத்தைச் செக்கச்சிவக்கச் சுட வேண்டும். எதையும் விதைக்காத தட்டு ஒன்றையும் கூடவே வைக்க வேண்டும். அதில் ஏதாவது முளைத்தால், அன்றைய தட்டுகள் அத்தனையையும் ஆட்டோகிளேவில் போட்டு அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவதே நேர்மை.