புதுத் தலைமுறைக் கார் வேண்டுமா? கொடைக்கானல் மலைப்பாதை சொல்லும் பதில்

2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நடிகர் அஜித்குமாரின் குழு துபாய் 24 மணி நேர மோட்டார் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவது இடத்தைப் பிடித்தது. அதன் பிறகு 'போர்ஷே' என்ற ஜெர்மன் பெயர் நம் பட்டிதொட்டிகளிலும் பழகிப்போய்விட்டது. அந்தக் காரை வாங்கும் வசதி படைத்தவர்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. அந்தச் சிலரை இப்போது ஒரு கேள்வி பிடித்து ஆட்டுகிறது. கையில் இருக்கும் பழைய தலைமுறைக் காரைக் கொடுத்துவிட்டு, புதிய தலைமுறைக் காரை வாங்கலாமா, வேண்டாமா?

"கோடீசுவரர்களின் கவலை நமக்கு எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்கும் அதில் சம்பந்தம் உண்டு. அந்தக் கார் தனிப் பாதையில் ஓடப்போவதில்லை. நம் பஸ் போகும் அதே பாதையில்தான் ஓடும். அது மட்டுமல்ல. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கும், ஜீப் வைத்திருப்பவருக்கும் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே உரைகல் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த விஷயத்தை உரசிப் பார்ப்போம். அந்த உரைகல் கொடைக்கானல் மலைப்பாதை.

அறுபது ஆண்டு வளர்ச்சி

முதலில் காரைப் பற்றி இரண்டு வார்த்தை. போர்ஷே 911 என்ற கார் 1963-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் பெயர்கள் தனக்கே உரியவை என்று பிரெஞ்சு நாட்டு பீஜோ கம்பெனி ஆட்சேபித்ததால் 911 ஆயிற்று. அன்றைய காரின் எஞ்சின் 130 குதிரைச் சக்தி கொண்டது. எடை 1,080 கிலோ.

அதற்குப் பின் தலைமுறைக்கு மேல் தலைமுறையாகக் கார் வளர்ந்தது. 2011-ல் ஏழாவது தலைமுறையும், 2018-ல் எட்டாவது தலைமுறையும் வந்தன. 2024-ல் எட்டாவது தலைமுறை மேலும் திருத்தப்பட்டது. இன்று அதன் சாதாரண வகையான 'கரெரா'வின் எஞ்சினே 394 குதிரைச் சக்தி கொண்டது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு நான்கு விநாடி போதும். எடை 1,500 கிலோவைத் தாண்டிவிட்டது. 2024-ல் இந்தியாவில் அதன் ஷோரூம் விலை இரண்டு கோடி ரூபாயை ஒட்டி இருந்தது.

சக்தி மும்மடங்கு! கேட்பவர் மயங்குவது இயல்பே. ஆனால் இந்த 394 குதிரைகளுக்கும் நம் மலையில் வேலை இருக்கிறதா?

இருபது குதிரை போதும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பழனியிலிருந்து போனால் 64 கிலோமீட்டர். வத்தலக்குண்டு ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏழாயிரம் அடியில் இருக்கிறது. அதாவது ஆறாயிரம் அடி ஏற வேண்டும். ஒரு காலத்தில் பெரியகுளம் பக்கமிருந்து கூலியாட்கள் நாற்காலியில் சுமந்துகொண்டு ஏறிய உயரம் இது.

இந்தப் பாதையில் வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். எதிரே சர்க்கார் பஸ் வரும். மலைப்பூண்டு ஏற்றிய வேன் வரும். டம்டம் பாறையில் படம் எடுக்க இறங்கியவர்கள் பாதையோரம் நிற்பார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சிப் பாலத்தில் குரங்குகள் குறுக்கே ஓடும். இங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பதே தாராளம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள கார், 16 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவைப்படும் சக்தி 20 முதல் 25 குதிரைச் சக்திதான். மீதி 370 குதிரைகளும் லாயத்தில் நின்று புல் தின்றுகொண்டிருக்கும்! ஏறத்தாழ 50 குதிரைச் சக்தி கொண்ட பழைய அம்பாசடர் கார்கள், குடும்பத்தையும் கூரை மேல் மூட்டைகளையும் சுமந்துகொண்டு இதே மலையில் ஏறி வந்ததன் ரகசியம் இதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. ஏழாயிரம் அடியில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். ஏழாவது தலைமுறை கரெரா 2011-ல் வந்தபோது டர்போ இல்லாமல் 350 குதிரைச் சக்தியோடு வந்தது. கொடைக்கானல் ஏரிக்கரைக்கு வந்து சேரும்போது அது 280 ஆகியிருக்கும். பிற்பாடு வந்த டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த நஷ்டம் பெரும்பாலும் ஈடாகிறது. புதிய காருக்கு இது மெய்யான அனுகூலமே. ஆனால் 25 மட்டும் தேவைப்படும் இடத்தில் கையில் 280 இருந்தால் என்ன, 394 இருந்தால் என்ன?

இறங்கும்போது தெரியும் சேதி

மலைப்பாதையில் ஏறுவதை விட இறங்குவதே சோதனை. ஆறாயிரம் அடி உயரத்திலிருந்து இறங்கும் காரிடம் அடங்கியிருக்கும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? நம் வீட்டு மின்சார மீட்டர் கணக்கில் சொன்னால் எட்டு யூனிட்டுக்கு மேல். அத்தனையும் வெப்பமானால் சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். வத்தலக்குண்டு வந்து சேர்வதற்குள் இதை எங்காவது தொலைத்தாக வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் பெரும் பகுதியை எஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உயர்ந்த கியரில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அத்தனை சூடும் பிரேக்கில் ஏறும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் அது கொதித்துக் குமிழி விடும். பிறகு பெடலை எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்காது.

இங்கே ஒரு புதுமையைச் சொல்ல வேண்டும். 2024-ல் வந்த 911 வகைகளில் 'ஜி.டி.எஸ்.' என்பது பெட்ரோலோடு மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட். சரிவில் இறங்கும்போது மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் பாட்டரி கொள்ளும் மின்சாரம் இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. எட்டு யூனிட்டில் இரண்டு போக மீதியைப் பழையபடி எஞ்சினும் பிரேக்கும்தான் தாங்க வேண்டும். ஆகவே எந்தத் தலைமுறைக் காரானாலும் நம் லாரி டிரைவர்களின் பழைய பாடம் மாறவில்லை: ஏறிய கியரிலேயே இறங்கு.

புதியதில் உள்ள உண்மையான லாபம்

அப்படியானால் புதிய தலைமுறையில் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படிச் சொல்வது நியாயமாகாது. பழனி மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பெருமாள்மலையைத் தாண்டினால் பட்டப்பகலில் மூடுபனி இறங்கி வழியை மறைத்துவிடும். ஈரப் பாதையில், அதுவும் எஞ்சினைப் பின்புறம் சுமந்து செல்லும் காரில், வளைவின் நடுவே சட்டென்று காலை எடுத்தால் வால் புரளும் அபாயம் உண்டு.

எட்டாவது தலைமுறையில் இதற்கு ஓர் உபாயம் செய்திருக்கிறார்கள். முன் சக்கரங்களின் மேல் வளைவுக்குள் தெறிக்கும் தண்ணீரின் சத்தத்தைக் கார் காது கொடுத்துக் கேட்கிறது. பாதை ஈரம் என்று ஓட்டுபவரை எச்சரிக்கிறது. அவர் ஒரு விசையைத் திருப்பினால் எஞ்சின், பிரேக் எல்லாம் ஈரத்துக்கு ஏற்றபடி அடங்கி நடக்கின்றன. 2024-ல் சாதாரண கரெராவுக்குப் பிரேக்கும் முன்னை விடப் பெரியதாக வைக்கப்பட்டிருக்கிறது. 394 குதிரைகளை விட இந்த இரண்டும் மலைக்கு உபயோகமானவை.

பாதகமும் ஒன்று உண்டு. முதல் 911-இன் அகலம் 1,610 மில்லிமீட்டர். இப்போது 1,852. கிட்டத்தட்ட ஒரு முழம் இல்லை, அரை முழத்துக்கு மேல் பருத்துவிட்டது. மலைப்பாதை அந்த அளவுக்கு அகலமாகவில்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் திரும்பும்போது அந்த அரை முழத்தின் அருமை தெரியும்.

ஜீப்புக்கு வேறு நியாயம்

இதே உரைகல்லில் நம் நாட்டு மகேந்திரா 'தார்' வண்டியை உரசினால் பதில் மாறிவிடுகிறது. மலைக்கிராமங்களில் பலர் வைத்திருக்கும், வைத்திருக்க ஆசைப்படும் வண்டி அது. 2010-ல் வந்த முதல் தலைமுறைத் தாரில் விபத்தில் விரிந்து உயிர் காக்கும் காற்றுப்பை கிடையாது. 2020-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் அது வந்தது. அந்த வண்டியை மோதவிட்டுச் சோதித்த 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தது. இங்கே தலைமுறை மாறுவது வெறும் ஜம்பம் அல்ல. குடும்பத்தின் உயிருக்குக் காவல். கடன் வாங்கியாவது மாற்றலாம் என்று ஒருவர் சொன்னால் அதைக் குறை கூற முடியாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "புதியது எவ்வளவு வேகம் போகும்?" என்பதல்ல. "பழையதில் இல்லாத எந்தக் காவல் புதியதில் இருக்கிறது?" என்பதே. ஓடும் சக்தி கூடினால் பணம்தான் செலவாகும். நிற்கும் சக்தி கூடினால் உயிர் மிஞ்சும்.

பாதை யாருக்குச் சொந்தம்?

கொடைக்கானல் தாங்கக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. சென்னை ஹைகோர்ட் உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் கோடைப் பருவத்தில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று வரம்பு விதிக்கப்பட்டது. இப்படி எண்ணி எண்ணி வண்டிகளை அனுமதிக்கும் ஒரு மலையில், ஒருவர் தம் எஞ்சினின் பலத்தைச் சோதிக்க இடம் ஏது? குறுகிய சரிவில் இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். கோடி ரூபாய்க் காருக்கும் அதில் விலக்கு இல்லை.

வேகத்தை அனுபவிக்க ஆசைப்படுவது குற்றமல்ல. அதற்கென்றே இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. துபாய் பந்தயத்துக்கு முன் பயிற்சியின்போது அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதைத் தமிழகமே படத்தில் பார்த்துப் பதறியது. அவர் காயமின்றி நடந்து வந்தார். காரணம், அது பந்தயத் தடம். இரும்புக் கூண்டு, தலைக்கவசம், ஒரே திசையில் போகும் வண்டிகள், ஓடி வர ஆம்புலன்ஸ் எல்லாம் அங்கே இருந்தன. நம் மலைப்பாதையில் இருப்பது முழங்கால் உயரத் தடுப்புச் சுவர். அதற்கு அப்பால் வெறும் ஆகாயம். எதிரே வருவது கைக்குழந்தையோடு ஒரு குடும்பம்.

முடிவு என்ன?

ஏழாவது தலைமுறை 911 வைத்திருப்பவர், கொடைக்கானல் பிரயாணத்தை உத்தேசித்து எட்டாவதுக்கு மாற வேண்டிய அவசியம் இல்லை என்பதே நம் அபிப்பிராயம். சறுக்கலைத் தடுக்கும் சாதனம் அவருடைய காரிலேயே இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது வேறு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு அது தயாரான வாரத்தையும், கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். அதைப் பார்த்து, கிழடு தட்டிய டயரை மாற்றட்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் எண்ணெயை மாற்றட்டும். பந்தயத் தடத்தில் ஒரு நாள் முறையாகப் பயிற்சி பெறட்டும். இத்தனைக்கும் ஆகும் செலவு, புதுக் கார் விலையில் மிகச் சிறு பங்குதான்.

சறுக்கலைத் தடுக்கும் சாதனமே இல்லாத மிகப் பழைய கார் வைத்திருப்பவர், மழையிலும் மலையேறும் வழக்கம் உள்ளவர், மாற்றுவதில் நியாயம் உண்டு. அவரும் மாற்றிய பிறகு அதே 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற வேண்டும்.

புதிய தலைமுறைக் காரை ஜெர்மனியிலிருந்து கப்பலில் வரவழைத்துவிடலாம். புதிய தலைமுறை மலைப்பாதையை எந்தக் கப்பலிலும் வரவழைக்க முடியாது. இருக்கும் பாதையில் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.