முந்துதலும் முட்டுதலும்

கட்டுகஸ்தோட்டையில் மாத்தளை வீதியும் குருநாகல் வீதியும் பிரியுமிடத்தில் சிறிது நேரம் நிற்பவர் எவரும், முந்துதல் என்னும் செயலின் இழிந்த வடிவங்களைக் கண்டுவிடலாம். ஒன்றையொன்று நெருக்கியோடும் பஸ்களும், அவற்றின் இடுக்கில் நுழையும் மோட்டார்ச் சைக்கிள்களும் அங்கே அன்றாடக் காட்சி. வீதியில் இது குற்றம் என்பதிலே கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் மோட்டார்ச் சைக்கிள் பந்தயத் தடத்தில் முந்துவதே தொழில். முந்த அஞ்சுபவனுக்கு அங்கே அலுவல் இல்லை. அவ்வாறாயின் வீரம் எங்கே முடிகிறது, குற்றம் எங்கே தொடங்குகிறது? அந்த எல்லையை வகுக்கும் நடுவரின் தராசு நேராக நிற்கவில்லை என்பதே நமது குறை.

பின்வருபவன் வளைவை நெருங்குகையில், முன்செல்பவனைவிடச் சற்றுப் பிந்திப் பிரேக்கை அழுத்தி உட்புறமாகப் பாய்கிறான். வேகம் மிகுதியாதலால் அவன் வெளியோரம் வரை அகன்றே செல்ல நேர்கிறது. அங்கே சாய்ந்து வரும் மற்றவன் வண்டியை நிமிர்த்தி வழிவிட வேண்டும். அன்றேல் மோத வேண்டும். 2005இல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்துக் கடைசி வளைவில் வலன்டினோ ரொசி, செட்டே கிபெர்னோவை இவ்விதமே இடித்து முந்தி வென்றார். தண்டனை இல்லை. 2013இல் அதே வளைவில் மார்க் மார்க்கேஸ், ஹோர்கே லொரென்சோவை இடித்து இரண்டாம் இடத்தைப் பறித்தார். அப்பொழுதும் தண்டனை இல்லை. (அவ்வளைவுக்கு லொரென்சோவின் பெயரைச் சூட்டியது அதே வாரத்தில்தான் என்பது விதியின் குறும்பு.)

ஆனால் 2011 மே மாதம் பிரான்சின் லெமான் தடத்தில் மார்க்கோ சிமொன்செல்லி முந்துகையில் டானி பெட்ரோசா விழுந்து காறையெலும்பு முறிந்தது. உடனே சிமொன்செல்லி, வண்டிகளைச் செப்பனிடும் ஒழுங்கையினூடாக மெதுவாகச் சென்று வருமாறு தண்டிக்கப்பட்டார். செயல்களுக்கிடையே இருந்த வேற்றுமையைவிட, ஒருவர் விழுந்தார் என்பதே தராசில் மிகுதியாக நின்றது என நாம் கருதுகிறோம். விளைவைப் பாராது குற்றத்தை அளப்பது எப்படி எனச் சிலர் வினவுவர். விழுந்தவன் எழுவதும் எழாததும் பின்வரும் வண்டி எங்கே வருகிறது என்பதைப் பொறுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் மலேசியாவின் செபாங்கில் அந்தச் சிமொன்செல்லியே சறுக்கி விழுந்து, பின்வந்த வண்டிகள் மோதி உயிரிழந்தார். இத்தகைய தற்செயலையா நாம் நீதியின் அளவுகோலாகக் கொள்வது?

அளவுகோல் எத்துணை இன்றியமையாதது என்பதைக் கட்டுகஸ்தோட்டையார்க்கு விளக்க வேண்டியதில்லை. இங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவர் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை, 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்னில் நடுவர் டெரல் ஹெயர் ஏழு முறை ‘நோபோல்’ என்றார். அன்று கண்ணே அளவாயிருந்தது. முழங்கை நீள்வதற்கு 15 பாகை என்னும் எல்லை அனைவர்க்கும் பொதுவாக 2005இல்தான் வந்தது. பந்தயத் தடத்துக்கு அவ்வாறு ஓர் எண்ணைக் கற்பிக்க இயலாது. எனினும் கேட்கத்தக்க கேள்விகள் உள. முந்துபவனின் முன்சில்லு, வளைவு தொடங்குமுன் மற்றவனுக்கு இணையாக வந்திருந்ததா? எதிரி வழிவிடாதிருந்தாலும் தடத்தை விட்டு விலகாமல் அவன் வளைவை முடித்திருப்பானா? விழுந்தாலும் விழாவிட்டாலும் இவற்றுக்கு விடை ஒன்றே.

தண்டிக்கும் காலமும் சிறிய விடயமன்று. 2015 அக்டோபர் 25ஆம் நாள், அதே செபாங்கில், ரொசி ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்து மார்க்கேசை வெளியோரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போனார். இருவரும் தொட்டுக்கொள்ள மார்க்கேஸ் விழுந்தார். பந்தயம் முடியும்வரை அதிகாரிகள் வாளாவிருந்தனர். மூன்றாமிடமும் அதற்குரிய 16 புள்ளிகளும் ரொசிக்கே நின்றன. பின்னரே மூன்று தண்டப் புள்ளிகள் விதித்தனர். முன்பிருந்த ஒன்றுடன் அவை நான்காகவே, வலென்சியாவின் இறுதிப் பந்தயத்தை அவர் கடைசி வரிசையிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அங்கு நான்காவதாக வந்து, உலகப் பட்டத்தை ஐந்து புள்ளிகளால் லொரென்சோவிடம் இழந்தார். குற்றம் ஒரு கண்டத்தில், தண்டனை மற்றொரு கண்டத்தில்! பட்டம் பறிக்கப்பட்டது என்பர் ஒரு சாரார். தகாத புள்ளிகளை வைத்துக்கொண்டார் என்பர் மறு சாரார். செபாங்கிலேயே தீர்த்திருந்தால் இரு சாராரும் வாயடைத்திருப்பர்.

2019இல் வந்த நீள்சுற்றுத் தண்டனையை நாம் வரவேற்பது இதனாலேயே. வளைவின் வெளிப்புறத்தே வரைந்த நீண்ட பாதையால் குற்றவாளி சென்று, சில விநாடிகளை இழந்து மீள வேண்டும். குற்றத்தின் சூடு ஆறுமுன் கணக்குத் தீர்கிறது. ஆனால் நல்ல கருவியும் பிழையான கையில் மழுங்கும். 2023 மார்ச் 26ஆம் நாள் போர்த்துக்கலின் போர்ட்டிமாவோவில் மார்க்கேஸ், மிகெல் ஒலிவேராவை மோதி வீழ்த்தித் தாமும் விலகினார். இரு நீள்சுற்றுகள் விதித்த நடுவர்கள், அவற்றை ஆர்ஜென்டீனப் பந்தயத்தில் நிறைவேற்றுக என எழுதிவிட்டனர். மார்க்கேசோ அம்மோதலிலே கையெலும்பு முறிந்து ஆர்ஜென்டீனாவுக்குச் செல்லவில்லை. அடுத்து அவர் ஓடும் பந்தயத்தில் எனத் தீர்ப்பைத் திருத்தினர். அவரது அணி மேன்முறையீடு செய்தது. திருத்தம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அவ்விரு சுற்றுகளையும் மார்க்கேஸ் ஓடவேயில்லை.