ஊழியக்காரரைச் சோதித்தறிவது பாவமா?

நம் சபைகளில் ஒரு வாதம் ஏறக்குறைய விசுவாசப் பிரமாணத்தின் இடத்தையே பிடித்துவிட்டது. "ஊழியக்காரர் தப்பு செய்தால் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அவரைப் பற்றிப் பேச நாம் யார்? அவர் அபிஷேகம் பெற்றவர், அவரைத் தொட்டால் சாபம்." காணிக்கைக் கணக்கைக் கேட்டவருக்கும், நிறைவேறாமல் போன தீர்க்கதரிசனத்தை நினைவுபடுத்தியவருக்கும், பிரசங்கத்தில் சொன்னது வேதத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்தவருக்கும் கிடைப்பது இந்த ஒரே பதில்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால்கூட, "அன்றைக்கு நீ பாஸ்டரைப் பற்றிப் பேசினாயே, அதனால்தான்" என்று சொல்லும் அளவுக்கு இது வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. இப்படிச் சொல்கிறவர்கள் வசனங்களைக் காட்டியே சொல்கிறார்கள். ஆகவே அதே வசனங்களைத் திறந்து வாசிப்பதுதான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பதில்.

முதலில் எடுக்கப்படுவது 105ஆம் சங்கீதத்தின் 15ஆம் வசனம். தாம் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடக்கூடாது என்று தேவன் கடிந்துகொண்டது உண்மை. யாரைக் கடிந்துகொண்டார் என்பது முந்தின வசனத்தில் இருக்கிறது: ராஜாக்களை. யாருக்காக என்பது 12, 13ஆம் வசனங்களில் இருக்கிறது: கொஞ்சப் பேராக, சொந்த நிலமில்லாமல், தேசம் தேசமாக அலைந்த பரதேசிகளுக்காக. படைபலம் உள்ளவர்களிடமிருந்து எளியவர்களைக் காக்க வந்த வசனம் அது. இன்றைக்கு அது மேடையும் மைக்கும் ஆள்பலமும் உள்ளவரின் கையில் இருக்கிறது. கணக்குக் கேட்கும் ஒரு விதவையை நோக்கி நீட்டப்படுகிறது. அந்தப் பரதேசிகளின் இடத்தில் இப்போது நிற்பவள் அவள்தான்.

சங்கீதம் நினைவுகூரும் சம்பவங்கள் ஆதியாகமம் 12, 20, 26ஆம் அதிகாரங்களில் உள்ளன. ஆபிரகாம் எகிப்திலும், பிறகு கேராரிலும், மனைவியைச் சகோதரி என்று சொன்னார். ஈசாக்கும் கேராரில் அதையே செய்தார். மூன்று முறையும் அந்நாட்டு ராஜா அவர்களை அழைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று நேருக்கு நேர் கேட்டான். ஆபிரகாம் ஒரு தீர்க்கதரிசி என்று தேவனே சொப்பனத்தில் அபிமெலேக்குக்குச் சொல்லியிருந்தார். அதை அறிந்த பிறகுதான் அவன் ஆபிரகாமைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டான். அதற்காக தேவன் அவனைத் தண்டிக்கவில்லை. 26ஆம் அதிகாரம் இன்னும் தெளிவானது. ஈசாக்கைக் கண்டித்த அதே ராஜா, இந்த மனிதனையோ இவன் மனைவியையோ தொடுகிறவன் சாவான் என்று தன் ஜனங்களுக்கு உடனே கட்டளையும் போட்டான். கேட்பது வேறு, தொடுவது வேறு என்பது அந்தப் புறஜாதி ராஜாவுக்குத் தெரிந்திருந்தது.

சவுல்மேல் தாவீது கைபோடவில்லையே என்பார்கள். எங்கேதியின் குகையில் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது என்பார்கள். 1 சாமுவேல் 24ஐ அந்த இடத்தோடு நிறுத்தாமல் மேலே வாசிக்க வேண்டும். தாவீது குகையை விட்டு வெளியே வருகிறான். 3,000 பேரோடு வந்திருந்த சவுலைக் கூப்பிடுகிறான். அறுத்தெடுத்த துணியையே அத்தாட்சியாகக் காட்டி, ராஜா தனக்குச் செய்வது அநியாயம் என்று உரக்கச் சொல்கிறான். அவன் வாளை எடுக்கவில்லை, வாயையும் மூடிக்கொள்ளவில்லை. பிற்பாடு தாவீதே ராஜாவாகித் தவறியபோது நாத்தான் அரண்மனைக்குப் போய் அவனைக் கண்டித்தான். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்ததை கலாத்தியர் 2ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. பேதுருவைவிடப் பெரிய அபிஷேகம் பெற்றவர் நம் ஊரில் யார்? யோவானின் முதல் நிருபமோ அபிஷேகம் விசுவாசிகள் எல்லாருக்கும் உரியது என்கிறது. ஆவிகளைச் சோதித்தறியும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுக்கிறது.

அடுத்து மிரியாம். மோசேக்கு விரோதமாகப் பேசினாள், குஷ்டம் வந்தது, ஆகவே ஜாக்கிரதை! இந்தப் பயமுறுத்தலைக் கேட்காத தமிழ் விசுவாசி இருக்க முடியாது. எண்ணாகமம் 12இல் மிரியாமும் ஆரோனும் எழுப்பியது மோசேயின் எத்தியோப்பிய மனைவியைப் பற்றிய பேச்சு. அதன் பின்னால் இருந்தது, கர்த்தர் எங்களோடும் பேசவில்லையா என்ற பதவிப் போட்டி. மோசேயின் உபதேசத்தை அவர்கள் சோதிக்கவில்லை, கணக்கையும் கேட்கவில்லை. மோசே என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை, சபிக்கவில்லை. அவளைச் சுகமாக்கும்படி தேவனிடம் கெஞ்சினார். மிரியாமின் கதையைச் சொல்லி விசுவாசிகளை மிரட்டுகிறவரிடம் அந்த மோசேயின் சாயல் கொஞ்சமும் இல்லை.

மோசேயிடம் கணக்குக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்காமலே அது கொடுக்கப்பட்டது. யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஆசரிப்புக் கூடாரத்துக்கு வந்த காணிக்கையின் கணக்கு அதில் இருக்கிறது: பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல், வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல். 100 தாலந்து வெள்ளி 100 பாதங்களாக வார்க்கப்பட்டது, மிச்சமிருந்த 1,775 சேக்கல் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போனது என்று செலவும் எழுதப்பட்டிருக்கிறது. கணக்குக்குப் பொறுப்பாளர் ஆரோனின் குமாரனான இத்தாமார் என்று பெயரும் உண்டு. வனாந்தரத்தில், கூடாரத்தில் குடியிருந்த ஜனங்களுக்கு, சேக்கல் வரைக்கும் கணக்கு! சவுலையும் தாவீதையும் அபிஷேகம் பண்ணிய சாமுவேல் முதிர்வயதில் ஜனங்களுக்கு முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று தானே கேட்டார். எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது பவுல் அதைத் தனியாகக் கொண்டுபோக மறுத்தார். சபைகள் தெரிந்தெடுத்தவர்களைக் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் சொல்கிறார். டிரஸ்டின் பொறுப்பாளர்கள் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கும் ஊழியங்களில், கணக்கைக் கேட்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள், மோசே, சாமுவேல், பவுல் இந்த மூவரில் யாரைப் பின்பற்றுகிறார்கள்?

மத்தேயு 7இன் தொடக்கத்தைக் காட்டி, நியாயந்தீர்க்கக் கூடாது என்று இயேசுவே சொன்னாரே என்று சிலர் கேட்பார்கள். அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தில், ஆட்டுத்தோல் போர்த்திவரும் கள்ளத் தீர்க்கதரிசிகளைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கச் சொன்னவரும் இயேசுவே. அறியாமல் எச்சரிக்கையாக இருக்க முடியாது. நிதானிக்காமல் அறிய முடியாது. தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணின் துரும்பைத் தேடும் மாய்மாலத்தைத்தான் அவர் தடுக்கிறார். உத்திரத்தை எடுத்தபின் சகோதரனின் துரும்பை எடுக்க வகைபார் என்றுதான் அந்தப் பேச்சு முடிகிறது.

எல்லாவற்றையும்விட வலுவாக நிற்கும் வாதம் அற்புதம். "அவர் ஜெபித்தால் சுகம் கிடைக்கிறது, முன்பின் தெரியாதவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், வியாதியைச் சொல்கிறார். தேவன் இல்லாமல் இது நடக்குமா?" நடக்கும் என்று உபாகமம் 13 சொல்கிறது. அடையாளம் சொன்னபடியே பலித்தாலும், அதைக் காட்டுகிறவன் ஜனங்களை வேறு தேவர்களிடம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது. தம் நாமத்தில் தீர்க்கதரிசனம் சொன்ன, பிசாசுகளைத் துரத்திய, அற்புதம் செய்த அநேகரை ஒருக்காலும் அறிந்ததில்லை என்று சொல்லப்போவதாக இயேசுவும் முன்னறிவித்தார். அற்புதங்கள் உண்டென்று நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அற்புதத்தை முத்திரைச் சான்றாக ஏற்கக் கூடாது என்பதுதான் வேதம் கற்பிப்பது.

அற்புதமே பொய்யாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற பிரசங்கியார் 1980களில் பெருங்கூட்டங்களில் முகம் தெரியாதவர்களின் பெயர், விலாசம், நோய் எல்லாவற்றையும் சொல்லி அழைத்தார். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரர் தன் குழுவோடு ரேடியோ ஸ்கேனரைக் கொண்டுபோய், 39.17 மெகாஹெர்ட்ஸில் வந்த குரலைப் பதிவு செய்தார். கூட்டம் தொடங்கும் முன் ஜனங்கள் எழுதிக்கொடுத்த ஜெபச் சீட்டுகளைப் போபாஃப்பின் மனைவி வாசிக்க, அவர் காதில் வைத்திருந்த சிறு கருவியில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதிவு தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது; அடுத்த ஆண்டு போபாஃப் திவால் மனு கொடுத்தார். பிற்பாடு "அற்புத ஊற்று நீர்" கொடுப்பதாகச் சொல்லி மறுபடியும் தொலைக்காட்சிக்கு வந்தார். என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. ஆயிரக்கணக்கான விசுவாசிகள் கூடியிருந்த அரங்கில் சோதித்தறிந்தவர் தேவனை நம்பாத ஒரு மனிதர். 1 தெசலோனிக்கேயர் 5 அந்த வேலையை நமக்கல்லவா கொடுத்திருந்தது! ஜெபச் சீட்டு வாங்கும் வழக்கம் நம் கன்வென்ஷன்களிலும் உண்டு. அதை வாங்கும் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. சீட்டில் எழுதியதையே மேடையில் வெளிப்பாடாகச் சொல்கிறாரா என்று கவனிக்க விசுவாசிக்கு உரிமை உண்டு.

நிறைவேறாத தீர்க்கதரிசனத்துக்கு உபாகமம் 18 சுற்றிவளைக்காத அளவுகோலைத் தருகிறது: அது கர்த்தர் சொன்னதல்ல, சொன்னவனுக்குப் பயப்பட வேண்டாம். ஹரால்டு கேம்பிங் என்ற அமெரிக்கப் பிரசங்கியார் நியாயத்தீர்ப்புக்கு 2011 மே 21 என்று நாள் குறித்தார். அமெரிக்காவின் சாலையோர விளம்பரப் பலகைகளில் எல்லாம் அந்தத் தேதி நின்றது. நாள் கடந்தது. 1994க்கும் இதே மாதிரி ஒரு கணக்கைச் சொன்னவர்தான் அவர். அப்போதே உபாகமம் 18ஐ வைத்துப் பார்த்திருந்தால் 2011க்காகத் தங்கள் சேமிப்பைக் கொட்டியவர்கள் தப்பியிருப்பார்கள்.

கமாலியேலின் ஆலோசனையையும் கொண்டுவருவார்கள்: மனுஷரால் உண்டானதென்றால் அழிந்துபோகும், விட்டுவிடுங்கள். அது ஆலோசனைச் சங்கத்தில் ஒரு பரிசேயர் சொன்னது. சபைக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை இல்லை. அவருடைய மாணாக்கரான பவுலே கள்ளப் போதகர்களை அப்படி விட்டுவைக்கவில்லை. அழியும்வரை காத்திருப்பதன் விலை என்ன? ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகரின் பீப்பிள்ஸ் டெம்பிள் சபையைக் குறித்து, அதில் இருந்தவர்களின் உறவினர்கள் மனு எழுதி எச்சரித்தார்கள். 1978 நவம்பர் 18இல் கயானா நாட்டில் அந்தச் சபையார் குடியேறியிருந்த ஜோன்ஸ்டவுனில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 300 பேர் சிறுபிள்ளைகள்.

கடைசியாக வருவது நோவா. குடித்து வெறித்துக் கிடந்த தகப்பனின் நிர்வாணத்தைக் காம் பார்த்துச் சொன்னான், சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்துபோய் மூடினார்கள். "நீ காமாக இருக்காதே, மூடு. வெளியே தெரிந்தால் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும்." நோவா தன் கூடாரத்துக்குள் கிடந்தார், அவர் நிலையால் வேறு யாருக்கும் காயமில்லை. ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தீங்கு நடந்த இடத்தில் இந்தச் சம்பவத்தைக் கொண்டுவந்து போர்த்துவது அநியாயம். சிறார்மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். சபைக்குள்ளே பேசி முடிப்பதற்கு அதில் இடமில்லை. மேலும், நோவாவின் வெறியை உலகம் முழுவதும் வாசிக்க எழுதிவைத்தது வேதம்தான். பத்சேபாளோடு தாவீது செய்த பாவம் 51ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. அந்தப் பாட்டு இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஜனங்கள் பாடும்போதெல்லாம் ராஜாவின் பாவத்தை நினைப்பார்கள் என்று தெரிந்தே ஒப்புவிக்கப்பட்டது.

மூடிவைத்தால் நாமம் காக்கப்படுமா? சென்னையில் 1946இல் பிறந்து, கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உலகெங்கும் வாதாடிய ரவி சக்கரியாஸை நம்மில் எத்தனையோ பேர் கேட்டுப் பயனடைந்தோம். 2017இல் ஒரு பெண் அவர்மேல் குற்றம் சொன்னபோது அவருடைய நிறுவனம் அவரை நம்பியது, அந்தப் பெண்ணை நம்பவில்லை. 2020 மே மாதம் அவர் இறந்தார். வேறு பெண்களும் பேசிய பிறகு நிறுவனமே ஒரு சட்ட நிறுவனத்தை விசாரணைக்கு அமர்த்தியது. 2021 பிப்ரவரியில் வந்த அறிக்கை, அவர் பல ஆண்டுகளாகப் பெண்களிடம் பாலியல் முறைகேட்டில் ஈடுபட்டதை உறுதிசெய்தது. முதலில் பேசிய பெண்ணை நம்பாமல் போனதற்கு நிறுவனத்தின் குழு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2017இலேயே நேர்மையாக விசாரித்திருந்தால் அந்தப் பெண் அத்தனை நாள் பொய்க்காரி என்ற பேரைச் சுமந்திருக்க மாட்டாள். அவருடைய உபதேசத்தில் பிழை தேடியவர்களுக்கு எதுவும் அகப்பட்டிருக்காது. வாழ்க்கையை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

யூடியூபில் யாரையாவது தினமும் ஏசிக்கொண்டிருப்பதைச் சோதித்தறிதல் என்று நான் சொல்லவில்லை. மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்க வேண்டாம் என்று 1 தீமோத்தேயு 5 காவல் போடுகிறது. அடுத்த வசனம், பாவத்தில் நிலைத்திருப்பவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே கைக்கொள்ள வேண்டும்.

"படிக்காத விசுவாசிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு டிடாக்கே என்ற பழைய திருச்சபை நூலைக் காட்டுவேன். கிரேக்கப் பேராயர் பிரையென்னியோஸ் 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்து 1883இல் வெளியிட்டது அது. ஊர் ஊராக வரும் போதகர்களை எப்படி அடையாளம் காண்பது என்று விசுவாசிகளுக்கு அது சொல்லிக்கொடுக்கிறது. வருகிறவரைக் கர்த்தரைப் போல ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இரண்டாம் நாளும். மூன்று நாள் தங்கினால் கள்ளன். புறப்படும்போது அடுத்த இடம் சேரும்வரைக்கான அப்பம் கொடுங்கள்; பணம் கேட்டால் கள்ளன். தான் போதிக்கிறதைத் தானே செய்யாதவனும் கள்ளன். எழுத்தறியாதவரும் வைத்துப் பார்க்கக்கூடிய அளவுகோல்கள் இவை. அந்த நூல் ஊழியக்காரர்களுக்கு விரோதமானதும் இல்லை. உண்மையான தீர்க்கதரிசி தன் ஆகாரத்துக்குப் பாத்திரன். ஆலையின் திராட்சரசத்திலும் களத்தின் தானியத்திலும் முதற்பலனை அவருக்குக் கொடுங்கள் என்கிறது. அப்படிப்பட்டவர் உங்களிடத்தில் இல்லையென்றால் அந்த முதற்பலனை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்கிறது.